வெயிலில் வைத்த லென்ஸ்

பொண்டாட்டிதானே, புருஷனுடைய கண் மஞ்சளாகிக்கொண்டு வந்தது உனக்கு எப்படித் தெரியாமல் போனது என்று கேட்காத வாய் எங்கள் தெருவில் இல்லை. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கும்போதும் கேட்பார்கள், சாவு வீட்டு டீயைக் குடித்துக்கொண்டும் கேட்பார்கள். அதிலும் நான் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவள். ஊரார் முகத்து மருவைத் தேடித் தேடி அழிக்கிறவளுக்கு வீட்டு ஆளின் கண் தெரியவில்லையாம், அதில் ஒரு நக்கல் வேறு. நான் பதில் சொன்னதில்லை. சொல்வதென்றால் ஒரு லென்ஸில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். கேட்கிற பொறுமை யாருக்கு இருக்கிறது?

ஸ்டூடியோ என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். விம்கோ நகரில் ஒரு ஷட்டர் கடை, மேலேயே வீடு. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஜெராக்ஸ், லேமினேஷன். வெளி ஆர்டர் என்றால் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு. கேமரா மட்டும் புது மாடல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அதோடு வந்த லென்ஸை ஒரு காதுகுத்து வீட்டில் மொட்டைத் தலைக் குழந்தை ஒன்று காலால் எத்திவிட்டது. சிமெண்ட் தரையில் விழுந்து உள்ளே இருந்த மோட்டார் செத்துப்போனது. அந்தக் குழந்தையைத் திட்டவும் முடியாது, புது லென்ஸ் வாங்கவும் முடியாது.

கல்மண்டபத்தில் கப்பல் சாமான் விற்கிற பாய் ஒருவர் இருக்கிறார். கப்பலில் இருந்து இறங்குகிற கயிறு, பீங்கான் தட்டு, பைனாகுலர் எல்லாம் அவர் கடையில் குவிந்து கிடக்கும். அந்தக் குவியலில்தான் அது இருந்தது. நான் பிறப்பதற்கு முன்னால் ஜப்பானில் செய்த லென்ஸ். கையில் எடுத்தால் எடைக்கல்லைப் போலக் கனம். மோட்டார் இல்லை, ஒயர் இல்லை, எல்லாம் கையால் திருப்புவது.

"கெட்டுப்போறதுக்கு இதுல இன்னாம்மா கீது?" என்றார் பாய். என் கேமராவில் பூட்டுவதற்கு ஒரு வளையமும் எங்கிருந்தோ தேடிக் கொடுத்தார்.

பூட்டியதும் கேமரா திரையில் 'லென்ஸ் இல்லை' என்று எழுத்து வந்தது. இவ்வளவு பெரிய இரும்பு மூக்கில் தொங்குகிறது, இல்லை என்கிறது. மெனுவுக்குள் நுழைந்து, லென்ஸ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, படம் எடு என்று அதற்கு உத்தரவு போட வேண்டியிருந்தது. ஃபோகஸ் பார்க்க ஒரு வசதி உண்டு. எது தெளிவாக இருக்கிறதோ அதன் ஓரங்களில் திரையில் சிவப்புக் கோடு மினுக்கும். லென்ஸின் வளையத்தைத் திருப்பித் திருப்பி, எதிரில் இருக்கிறவரின் இமைமயிரில் சிவப்பு மினுக்குகிற நேரத்தில் அழுத்த வேண்டும். ஆள் ஒரு விரற்கடை முன்னால் சாய்ந்தாலும் போச்சு. கண் கலங்கிப்போய்க் காது பளிச்சென்று வரும்.

ஆனாலும் எனக்கு அந்த லென்ஸ் ரொம்பப் பிடித்துவிட்டது. முகத்தை மட்டும் முன்னால் எடுத்துக்கொண்டு பின்னால் இருக்கிற கலீஜை எல்லாம் கரைத்துவிடும். எங்கள் பக்கத்தில் பின்னால் இருப்பதில் பாதிக்கு மேல் கரைய வேண்டியதுதான்.

குறை ஒன்றே ஒன்று. உள்ளே கண்ணாடி டீத்தண்ணீர் நிறத்தில் இருந்தது. எடுத்த படமெல்லாம் மஞ்சள் பூசிக்கொண்டு வந்தது. பாயிடம் கேட்டேன். "அந்தக் காலத்துல கண்ணாடியில இன்னாவோ மருந்து போட்டு உருக்குவாங்களாம்மா. வயசானா பயுத்துடும். கொஞ்ச வாரம் வெயில்ல வச்சினா வெளுத்துடும்" என்றார். கொஞ்ச வாரம் வெயிலில் வைத்துவிட்டு நான் எதை வைத்துத் தொழில் செய்வது? கம்ப்யூட்டரில் சரி செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அதைச் சரி செய்கிற விதத்தைச் சொல்லியாக வேண்டும். திரையில் மருந்துச் சொட்டுக் குழாய் போல ஒரு குறி இருக்கும். படத்தில் எது வெள்ளையோ அதன்மேல் வைத்துச் சொடுக்கினால், இதுதான் வெள்ளை என்று கம்ப்யூட்டர் நம்பிக்கொண்டு மற்ற நிறங்களை எல்லாம் அதற்கேற்ப நகர்த்தும். வருகிறவர்கள் கட்டம் போட்ட சட்டையில் வருவார்கள், பச்சைப் புடவையில் வருவார்கள். வெள்ளைக்கு நான் எங்கே போவேன்? கண்ணின் வெள்ளையில் வைப்பேன். எல்லா முகத்திலும் தவறாமல் இருக்கிற வெள்ளை அது. அவசரத் தொழிலில் கை பழகிவிட்டது. முகம் வந்ததும் விரல் தானாகக் கண்ணுக்குத்தான் போகும்.

என் வீட்டுக்காரர் டிரெய்லர் டிரைவர். கண்டெய்னரை ஏற்றிக்கொண்டு எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஹார்பர் கேட்டுக்காக வரிசையில் நிற்பதே பாதிப் பிழைப்பு. வரிசை நகர்ந்தால் வண்டியை நகர்த்த வேண்டும், தூங்க முடியாது. வீட்டுக்கு வந்தால் சோறு, தூக்கம். அவர் கண் என்றைக்கு வெள்ளையாக இருந்தது? கல்யாணத்தன்றே சிவந்துதான் இருந்தது. டீசல் புகையும் தூக்கமில்லாத ராத்திரியும் சேர்ந்த கலங்கல் கண் எல்லா டிரைவருக்கும் உண்டு. எங்களுக்குப் பிள்ளை கிடையாது. வீட்டில் நான், அவர், என் மாமியார்.

வாரத்தில் ஒரு காலை அவர் கடைக்கு இறங்கி வந்து ஸ்டூலில் உட்காருவார். அவரை வைத்துத்தான் கையால் ஃபோகஸ் செய்யப் பழகினேன். கஸ்டமர்கள் நெளிவார்கள். சொன்னால் சொன்னபடி உட்காருகிற ஒரே ஆள் அவர்தான்.

"கம்னு குந்துய்யா. ஆடாத."

"நான் எங்கமே ஆடறேன்? வண்டியில குந்தி குந்தி ஒடம்பு நின்ன எடத்துலயே ஆடுது."

முண்டா பனியனோடு, சிரித்த முகமாக எத்தனையோ படம். நேரில் அவரைப் பார்த்ததைவிடத் திரையில் பார்த்ததுதான் அதிகம்.

ஒரு நாள் திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டேன். "யோவ், கண்ணு மஞ்சளா கீதே?"

"உன் லென்சுதான் மஞ்சளா கீது. மொதல்ல அத்த பாரு" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். சொட்டுக் குழாயை அவர் கண்ணில் வைத்துச் சொடுக்கினேன். கண் வெளுத்தது.

அதற்குப் பிறகு எடுத்த படங்களில் பனியன் லேசாக நீலமடித்தது. துணிக்கு நீலம் கூடிப்போயிற்று என்று நினைத்தேன். அடுத்த வாரம் இன்னும் நீலம். அதற்கடுத்த வாரம் சுவரே நீலம் பாரித்துக் கிடந்தது. துணி துவைப்பது என் மாமியார். விறுவிறுவென்று மாடிப்படி ஏறிப் போனேன்.

"இன்னாத்தே, பனியனை இங்க் பாட்டில்ல முக்கினியா?"

கொடியில் இருந்து பனியனை உருவி என் முகத்துக்கு நேராக நீட்டினார் கிழவி. "ஐயே, வெள்ளையாதான்டி கீது! கண்ணு தெரியலியா உனுக்கு?"

கையில் வாங்கிப் பார்த்தேன். வெள்ளைதான். திரையில் நீலம், கையில் வெள்ளை. கஸ்டமர் படங்களில் பின்சுவரை வெட்டிவிட்டு வேறு நிறம் போட்டுவிடுவதால், அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் தோன்றவில்லை. லென்ஸ் நாளுக்கு நாள் கெட்டுக்கொண்டே போகிறது, கம்ப்யூட்டரால் இனி சமாளிக்க முடியாது என்று முடிவு கட்டினேன். வேறு எப்படி நினைப்பது, நீங்களே சொல்லுங்கள். மஞ்சளுக்குக் காரணம் ஏற்கெனவே கையில் இருக்கும்போது இன்னொரு காரணத்தை யார் தேடிப் போவார்கள்?

ஆடி பிறந்தது. கல்யாணம் கிடையாது, வளைகாப்பு கிடையாது. பாஸ்போர்ட் போட்டோவுக்கு மட்டும் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒரு பழைய கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு, லென்ஸைக் கழற்றி மொட்டை மாடிக்குக் கொண்டுபோனேன். பிரியாணிப் பொட்டலத்து வெள்ளித்தாளை அடியில் விரித்து, மேலே ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தேன். எங்கள் மாடியில் காலையில் துடைத்த தரை மாலையில் காலில் கறுப்பாக ஒட்டும். வள்ளூர்ப் பக்கத்துப் புகைபோக்கிகளுக்கும் இங்கே இருக்கிற கம்பெனிகளுக்கும் எங்கள் மாடிதான் குப்பைத்தொட்டி. தினமும் கிண்ணத்தைத் துடைப்பதே ஒரு வேலையானது.

"இன்னாமே, வடாம் காய வெக்கறியா?" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். ஆனால் வண்டியில் இருந்து வந்ததும் முதல் கேள்வி, "வெளுத்துச்சா?" என்பதுதான். சோறு போடு என்பதற்கு முன்னால் இதைத்தான் கேட்பார். என் லென்ஸ்மேல் இவருக்கு இத்தனை அக்கறையா என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த நாட்களில் அவர் கதவு நிலையில் முதுகை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார். வேர்க்குரு என்றார். பவுடர் வாங்கிக் கொடுத்தேன். பேண்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டார். வரிசையில் நின்றால் பசியே எடுப்பதில்லை என்றார்.

ஆடி முடிகிற சமயத்தில் லென்ஸை எடுத்து ஒரு வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் பார்த்தேன். உள்ளே தாளும் வெள்ளை, வெளியே தாளும் வெள்ளை. குதிக்காத குறைதான். சாப்பிட்டுக்கொண்டிருந்த மனுஷனைக் கைகழுவ வைத்து, கடைக்கு இழுத்துக்கொண்டு போய் ஸ்டூலில் உட்கார வைத்தேன். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. வேண்டாம், டயர்டா கீது, அப்பால எடுக்கலாம் என்று நழுவப் பார்த்தார். விடவில்லை.

படம் திரையில் வந்தது. சுவர் வெள்ளை. பனியன் வெள்ளை. கண் மட்டும் மஞ்சள். அரைத்த மஞ்சளைத் தடவிவிட்டது போல, இரண்டு கண்ணும். விரல் பழக்கத்தில் சொட்டுக் குழாயைக் கொண்டுபோய்க் கண்மேல் நிறுத்திவிட்டது. சொடுக்கவில்லை.

போனை எடுத்து அதில் ஒன்று எடுத்தேன். மஞ்சள். அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று தெருவுக்கு இழுத்து வந்து, நல்ல வெயிலில் நிறுத்தி, கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தேன்.

"இன்னாய்யா இது?"

"டிரைவர் கண்ணு அப்டித்தான்மே இருக்கும்."

"டபாய்க்காத. இன்னா இது?"

தெருவில் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலையைக் குனிந்துகொண்டார். "தெரியும்மே" என்றார்.

தெரியுமாம். ஒன்றுக்குப் போனால் டீத்தண்ணி கணக்காகப் போகிறது என்று தெரியுமாம். வண்டி வரிசையில் டீ விற்கிற ஓர் அம்மா கீழாநெல்லி அரைத்துக் கொடுக்க, தினமும் வெறும் வயிற்றில் குடித்துக்கொண்டிருந்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போனால் படுக்க வைத்துவிடுவார்கள். படுத்தால் ஓனர் வண்டியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவான். "வண்டி பூட்ச்சுன்னா அப்பால எவன்மே குடுப்பான்? கீயாநெல்லியில எறங்கிடும்னு நெனச்சிகினு இருந்தேன். நீயும் லென்சு லென்சுன்னு சொல்லிகினு இருந்தியா, சரி, அப்டியே இருக்கட்டும்னு வுட்டுட்டேன்."

நடுத்தெருவில் அவர் தோளில் குத்தினேன். குத்திக் குத்திக் கை வலித்தது. எலும்பில்தான் பட்டது. அப்போதுதான் அவர் எவ்வளவு இளைத்திருக்கிறார் என்பது எனக்கு உறைத்தது. அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். யார் பார்த்தால் என்ன?

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். கணையத்தில் கட்டி. அது பித்தக் குழாயை நெருக்கி அடைத்திருக்கிறது, அதனால்தான் மஞ்சள் என்றார் டாக்டரம்மா. சின்ன வயசு, ஆனால் பேச்சில் சுற்றி வளைப்பது கிடையாது. "எப்ப இருந்து கண்ணு மஞ்சள்?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் முழித்தார். மாமியார் என்னைப் பார்த்தார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

கேமரா எடுத்த அசல் நிறம், நாம் செய்கிற திருத்தத்துக்கு அடியில் அழியாமல் அப்படியே இருக்கும். கடையைத் திறந்து, அவர் படங்களை எல்லாம் வரிசையாக எடுத்தேன். ஒவ்வொன்றிலும் கண்ணில் வைத்த புள்ளியை எடுத்துவிட்டு, பனியனில் வைத்தேன். பனியன் வெளுக்க வெளுக்கக் கண் மஞ்சளாகத் திரும்பி வந்தது. கடைசியில் இருந்து முன்னால் போகப் போக மஞ்சள் வெளிறிக்கொண்டே வந்தது. சித்திரை மாதத்துப் படம் ஒன்றில்தான் கண் கண்ணாக இருந்தது. அந்தப் படத்தில் தர்பூசணி தின்றுகொண்டிருக்கிறார்.

சித்திரைக்குப் பிறகுதான் என்று மறுநாள் டாக்டரம்மாவிடம் சொன்னேன். அப்போதே வந்திருந்தால் பிழைக்க வைத்திருப்பீர்களா என்றும் கேட்டேன். "இந்த நோயில கண்ணு மஞ்சளாகறப்பவே பெரும்பாலும் லேட்டுதாம்மா" என்றார். எனக்காகச் சொன்னாரா, உள்ளதைச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது. திரும்பப் போய்க் கேட்கவும் மாட்டேன்.

ஆபரேஷன் செய்கிற நிலையை அது தாண்டியிருந்தது. பித்தம் இறங்குவதற்கு மட்டும் உள்ளே ஒரு சின்னக் குழாய் வைத்தார்கள். அதிலேயே கட்டியும் சரியாகிவிடும் என்று அவரும் மாமியாரும் நினைத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா என்னைத் தனியாக அழைத்து, "மஞ்சள் எறங்கிடும், அரிப்பு போயிடும், கொஞ்சம் சாப்பிடவும் செய்வாரு. கட்டி அப்படியேதான் இருக்கு. வீட்டுல சொல்லிடுங்க" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

சொன்னது போலவே மஞ்சள் இறங்கியது. நாளாக ஆகக் கண் வெளுத்தது, கல்யாணத்தன்றுகூட இப்படி வெள்ளையாக இருந்ததில்லை. தெருவே வந்து பார்த்தது. இமையை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "மெய்யாலுமே எறங்கிடுச்சுப்பா, பொயச்சிகினாரு" என்றார்கள். மாமியார் அம்மன் கோயிலில் பொங்கல் வைத்துக் கூழ் ஊற்றினார். கீழாநெல்லி அம்மாவும் தேடிக்கொண்டு வந்து, தன் மருந்துதான் வேலை செய்தது என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு ஒவ்வொரு முகத்திலும் அறைய வேண்டும் போல இருந்தது. கண்ணைப் பார்த்தது போதும், போய்த் தொலையுங்கள் என்று கத்தத் தோன்றியது. எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன்.

ஒரு காலையில் அவர் சவரம் செய்துகொண்டு, காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு கடைக்கு இறங்கி வந்தார். சட்டை தொளதொளவென்று தொங்கியது. ஸ்டூலில் தானாகவே உட்கார்ந்தார்.

"எடுமே ஒரு போட்டோ. உன் லென்சும் வெள்ளை, என் கண்ணும் வெள்ளை. ஓனரு கைல பேசிட்டேன். திங்கக்கெயம வண்டி எடுக்கறேன்."

கேமராவை எடுத்து முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டேன். வளையத்தைத் திருப்பினேன். அவர் இமைமயிரில் சிவப்பு மினுக்கியது. அழுத்த வேண்டியதுதான் பாக்கி. விரல் போகவில்லை. அந்தக் கண்ணில் எவ்வளவு சந்தோஷம்! இதுவரை அவர் என்னை ஏமாற்றினார். இனி நான் அவரை ஏமாற்ற வேண்டும். திங்கட்கிழமை அந்த உடம்போடு அவ்வளவு பெரிய வண்டியை ரோட்டில் விடுவதா?

"இன்னாமே, வரலியா?" என்றார்.

"யோவ்" என்றேன். கேமராவை முகத்தில் இருந்து எடுக்கவில்லை. எடுத்தால் என்னால் சொல்ல முடியாது. "வண்டிக்கெல்லாம் போவ வேணாய்யா. மஞ்சதான் எறங்கிகீது. உள்ள கீற கட்டி அப்டியேதான் கீது. கரைக்க முடியாதாம். டாக்டரம்மா என் கைல சொல்டாங்க."

திரையில் அவர் முகம் அப்படியே இருந்தது. கண் என்னையே பார்த்தது, அதாவது லென்ஸை. வெளியே ஒரு டிரெய்லர் போய் ஷட்டர் அதிர்ந்து நின்றது.

"எவ்ளோ நாளாமே?"

"சொல்லலய்யா."

"ஆத்தாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லாத" என்றார். காக்கிச் சட்டையின் காலரைச் சரி செய்துகொண்டார். தலையை லேசாகக் கோதிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, நான் எப்போதும் உட்காரச் சொல்கிறபடி உட்கார்ந்தார். "சரி, எடு. கண்ணு நல்லா கீறப்பவே எட்த்து வச்சிக்க. பேனருக்கு ஆவும்."

முதலில் எடுத்ததெல்லாம் கலங்கிப்போயின. அவர் ஆடவில்லை, நான்தான் ஆடிக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஒன்று தெளிவாக விழுந்தது. எங்கள் தெருமுனையில், மார்கழி முழுக்கத் தொங்கியது அந்தப் படம்தான்.